கோடு போட்ட இலை: அழகா, நோயா?



இரண்டு இலைகளை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். இரண்டும் உங்கள் உள்ளங்கையைவிடப் பெரியவை. இரண்டும் பொன்மஞ்சள் நிறம். முதல் இலையின் ஓரம் முழுக்கக் கரும்பச்சை நிறத்தில் ஒரு கரை ஓடுகிறது. இரண்டாவது இலையில் கரை இல்லை. அதற்குப் பதிலாக, நரம்புகளை ஒட்டி அங்கங்கே பச்சை நிறம் கசிந்திருக்கிறது. ஈரத்தாளில் மை ஊறிப் பரவியதுபோல அதன் விளிம்பு கலைந்து தெரிகிறது.

பார்ப்பதற்கு இரண்டுமே அழகுதான். ஆனால் முதல் இலை நலமாக இருக்கிறது. இரண்டாவது நோயில் இருக்கிறது. அந்த நோயைக் குணப்படுத்த மருந்தே கிடையாது.

இந்த வித்தியாசம் தெரியாததால், நோய்ச் செடிகளை 'அபூர்வமான புது ரகம்' என்று நினைத்து மக்கள் ஆசையோடு வாங்கினார்கள். அப்படி வாங்கியவர்களின் தோட்டங்களில் பல ஆண்டுகள் வளர்ந்த நல்ல செடிகளுக்கும் நோய் பரவியது. அந்தச் செடியின் பெயர் ஹோஸ்டா. நோயின் பெயர் 'ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்'. இலையைப் பார்த்தே நோயைச் சந்தேகிக்கவும், அது பரவாமல் தடுக்கவும் இன்று கற்றுக்கொள்வோம்.

இலைக்காகவே வளர்க்கும் செடி

ஹோஸ்டாவின் சொந்த ஊர் ஜப்பான், கொரியா, சீனா. காட்டு நிழலிலும் ஓடைக் கரைகளிலும் வளரும். ஜப்பானின் மலைப்பகுதிகளில் இதன் இளங்குருத்துகளை 'உருய்' என்று சொல்லிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஜப்பானில் மருத்துவராக இருந்த சீபோல்ட் என்ற ஜெர்மானியர் 1830-ல் ஐரோப்பா திரும்பியபோது ஏராளமான செடிகளைக் கொண்டுவந்தார். அவற்றில் ஹோஸ்டாவும் இருந்தது. அங்கிருந்து அமெரிக்கா வரை பரவியது. இன்று ஆயிரக்கணக்கான ரகங்கள் இருக்கின்றன. இந்த ஒரு செடியை விரும்பி வளர்ப்பவர்களுக்காக 1968-ல் அமெரிக்க ஹோஸ்டா சங்கம் என்று ஓர் அமைப்பே தொடங்கினார்கள்.

ஹோஸ்டா பூக்கும். வெள்ளையும் இளம் ஊதாவுமான பூக்கள். ஆனால் பெரும்பாலோர் வளர்ப்பது இலைக்காகத்தான். நீலம் கலந்த பச்சை, தங்கமஞ்சள், வெள்ளைக் கரை, பச்சைக் கரை என்று இலையில் எத்தனையோ வகை. குளிர்காலத்தில் இலைகள் மடிந்துவிடும். பனிக்கடியில் வேர்த்தண்டு மட்டும் உறங்கிக் கிடக்கும். வசந்தம் வந்ததும் கூரான குருத்துகள் மண்ணைப் பிளந்து வெளிவரும். இந்தக் குளிர் உறக்கம் அதற்குக் கட்டாயம் வேண்டும். அதனால் நம் சமவெளியில் ஹோஸ்டா நன்றாக வளராது. ஆனால் அதன் உறவினர்கள் இங்கே இருக்கிறார்கள். தண்ணீர்விட்டான் கிழங்கும், வீடுகளில் தொட்டியில் வைக்கும் மருளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

நல்ல கோடு எப்படி உண்டாகிறது?

இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம். சில செடிகளில், வளர்நுனியில் இருக்கும் ஒரு செல்லில் மரபு மாற்றம் நிகழ்ந்து, பச்சையம் உண்டாக்கும் திறன் போய்விடும் அல்லது குறைந்துவிடும். அந்தச் செல் பிரிந்து பிரிந்து பெருகும்போது அதன் வாரிசுகளுக்கும் அதே குறை இருக்கும். வளர்நுனியில் செல்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஓர் அடுக்கு முழுவதும் பச்சையம் இல்லாத செல்களாகிவிட்டால், அந்த அடுக்கிலிருந்து உருவாகும் பகுதி ஒவ்வோர் இலையிலும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும்.

'ஒவ்வோர் இலையிலும்' என்பதைக் கவனியுங்கள். ஓரம் வெள்ளை என்றால் எல்லா இலைகளின் ஓரமும் வெள்ளை. நடுவில் மஞ்சள் என்றால் எல்லா இலைகளின் நடுவிலும் மஞ்சள். நிறம் மாறும் இடத்திலும் இலையின் தடிமன் மாறாது. தடவிப் பார்த்தால் வழக்கமான இலையாகவே இருக்கும். இது செடியின் பிறவிக் குணம். பக்கத்துச் செடிக்குத் தொற்றாது.

வைரஸ் போடும் கோடு

1996-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பென் லாக்ஹார்ட்டும் அவருடன் பணியாற்றியவரும் ஹோஸ்டாவைத் தாக்கும் ஒரு புதிய வைரஸை விவரித்தார்கள். அது உருளைக்கிழங்கைத் தாக்கும் ஒரு வைரஸின் நெருங்கிய சொந்தம். வளையக்கூடிய நூல் போன்ற வடிவம். நீளம் ஏறத்தாழ 500 நானோமீட்டர். இப்படி 2000 வைரஸ்களை வரிசையாகக் கோத்தால்தான் 1 மில்லிமீட்டர் வரும்.

இந்த வைரஸ் புகுந்த இலைகளில் நிறங்கள் இடம் மாறின. சில செடிகளில் நரம்போரம் பச்சை கசிந்தது. சிலவற்றில் புள்ளி புள்ளியாகத் தேமல் விழுந்தது. இப்படி ஓர் இலை தென்பட்டதும், புது ரகம் கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பெயர் சூட்டினார்கள். 'பிரேக்டான்ஸ்', 'லெப்பர்ட் ஃபிராக்', 'லூனசி' என்ற பெயர்களில் விற்ற செடிகளின் அழகுக்குக் காரணம் இந்த வைரஸ்தான் என்று பிறகு தெரியவந்தது.

வைரஸைப் பார்த்து மனிதர் மயங்கியது அது முதல் முறையல்ல. 1630-களில் நெதர்லாந்தில் டூலிப் பூவுக்குப் பெரும் மோகம் இருந்தது. வெள்ளைப் பூவில் சிவப்புக் கீற்று ஓடும் டூலிப்பின் கிழங்குக்கு மலைக்கவைக்கும் விலை கொடுத்தார்கள். 1637 பிப்ரவரியில் அந்த வியாபாரம் சரிந்து விழுந்தது. அந்தக் கீற்று எப்படி வந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1928-ல்தான் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் டோரதி கேலி என்ற பெண் விஞ்ஞானி அதைச் சோதித்தார். கீற்றுள்ள டூலிப் கிழங்கின் பாதியைச் சாதாரணக் கிழங்கின் பாதியோடு ஒட்டவைத்து வளர்த்தார். சாதாரணக் கிழங்கிலிருந்து வந்த பூவிலும் கீற்று வந்தது! அந்த அழகு தொற்றக்கூடியது என்று அவர் காட்டினார். அதற்குக் காரணம் ஒரு வைரஸ். டூலிப்பில் அதைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அசுவினிப் பூச்சி. வைரஸ் தொற்றிய கிழங்குகள் ஆண்டுக்கு ஆண்டு நலிந்துபோயின.

ஹோஸ்டாவும் அப்படித்தான். தொற்றிய எல்லாச் செடியும் உடனே சாகாது. சில ரகங்கள் நலிந்து சிறுத்துப்போகும். சில ரகங்கள் நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அவற்றின் சாறு முழுக்க வைரஸ் இருக்கும். பரவுவதற்கு அது போதும்.

வைரஸுக்குக் கால் யார்?

செடியின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் உறுதியான சுவர் இருக்கிறது. அதைத் துளைத்து உள்ளே போக வைரஸால் முடியாது. இலையின் மேல் வைரஸ் விழுந்தாலும், இலையில் காயம் இல்லாவிட்டால் வெளியேதான் கிடக்க வேண்டும். காயம் பட்டால்தான் வழி திறக்கும். உள்ளே போனதும் செல்லின் இயந்திரங்களைப் பயன்படுத்தித் தன்னையே நகல் எடுக்கும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்கும் நுண்ணிய வழிகளில் நகரும். உணவு செல்லும் குழாய்களில் ஏறி, வேர்வரை போய்விடும்.

தாவர வைரஸைப் பற்றி நாம் முதன்முதலில் தெரிந்துகொண்டதும் காயத்தின் வழியாகத்தான். 1880-களில் நெதர்லாந்தில் அடால்ஃப் மேயர் என்பவர், தேமல் நோய் வந்த புகையிலைச் செடியின் சாற்றை மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து நல்ல செடிக்குள் செலுத்தினார். நல்ல செடிக்கும் நோய் வந்தது. 1892-ல் ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி, பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் பீங்கான் வடிகட்டியில் அந்தச் சாற்றை வடித்துப் பார்த்தார். வடித்த சாறும் நோய் தந்தது. 1898-ல் நெதர்லாந்தின் பெயரிங்க், இது பாக்டீரியா அல்ல, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் வேறொன்று என்று விளக்கினார். வைரஸ் என்ற ஒன்று இருப்பது உலகுக்குப் புரிந்தது ஒரு புகையிலை இலையால்தான்.

மேயரின் கண்ணாடிக் குழாய் செய்த வேலையை, ஹோஸ்டா தோட்டத்தில் தோட்டக்காரரின் கத்தி செய்கிறது. எப்படி? ஹோஸ்டாவைப் பெருக்க வேண்டும் என்றால் செடியைத் தோண்டி எடுத்து, வேர்த்தண்டை இரண்டாகவோ நான்காகவோ வெட்டி நடுவார்கள். பூத்து முடிந்த தண்டை நறுக்குவார்கள். வாடிய இலையைக் கிள்ளுவார்கள். வெட்டிய கத்தியிலும் கிள்ளிய விரலிலும் சாறு ஒட்டும். அதே கத்தியும் அதே விரலும் அடுத்த செடிக்குப் போகும். அங்கே இன்னொரு காயம். வைரஸ் குடியேறிவிட்டது.

இந்த வைரஸைப் பரப்பும் பூச்சி எதுவும் அறியப்படவில்லை. பறந்து வரும் எதிரி யாரும் இல்லை. அதன் கால் மனிதரின் கைதான். பெரிய பண்ணைகளில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான செடிகளை வெட்டிப் பிரிக்கும்போது, ஒரு நோய்ச் செடி எத்தனை செடிகளைத் தொடும் என்று நினைத்துப் பாருங்கள். நம் கையால் பரவுவதை நம் கையாலேயே நிறுத்தவும் முடியும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது அதுதான்.

இலையைப் படிக்கும் விதம்

நோய்ச் செடியில் தேட வேண்டிய அடையாளங்கள் மூன்று.

முதலாவது, நரம்போரக் கசிவு. வெளிர்நிற இலையில், நரம்பை ஒட்டிக் கரும்பச்சை பரவியிருக்கும். கோட்டின் விளிம்பு நேராக இருக்காது, கலைந்து தெரியும்.

இரண்டாவது, தேமல். வெளிர்நிறமும் கருநிறமும் ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும். ஓர் இலையில் இருப்பதுபோல இன்னோர் இலையில் இருக்காது.

மூன்றாவது, தொட்டால் தெரியும் மாற்றம். நிறம் மாறிய இடம் சுருங்கி, மேடும் பள்ளமுமாக இருக்கும். சில இடங்களில் இலை மெலிந்து, உள்ளே சரிந்ததுபோல இருக்கும்.

பச்சை இலை ரகங்களில் இந்த அடையாளங்கள் அவ்வளவு எளிதில் தெரியாது. மஞ்சள் இலை ரகங்களில் நன்றாகத் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. வைரஸ் புகுந்த உடனே அடையாளம் வராது. சில மாதங்கள் ஆகலாம். சில செடிகளில் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை செடி நலமாக இருப்பதுபோலவே நிற்கும்.

இனி, நோய் போலத் தோன்றி நம்மைக் குழப்புபவை. கடும் வெயில் பட்டால் இலை வெளுத்து, பிறகு கருகும். இலை விரியும் நேரத்தில் பனி தாக்கினால் சுருங்கிக் கிழியும். நத்தை தின்றால் ஓட்டை விழும். இலை நூற்புழு தாக்கினால், கோடையின் பிற்பகுதியில் இரண்டு நரம்புகளுக்கு நடுவே பழுப்புப் பட்டை தோன்றும். நூற்புழுவின் பட்டை நரம்புகளுக்கு நடுவில் அடங்கி நிற்கும். வைரஸின் கசிவோ பெரும்பாலும் நரம்பை ஒட்டியே ஓடும். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி இதுதான்: சந்தேகம் வந்த இலையை, அதே ரகத்தின் நலமான இலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ரகத்தின் இயல்பு தெரியாமல் இயல்பு மாறியிருக்கிறதா என்று சொல்ல முடியாது.

சந்தேகத்தை உறுதி செய்யும் பட்டை

கண் சந்தேகப்படலாம். உறுதியாகச் சொல்லச் சோதனை வேண்டும். கொரோனா காலத்தில் வீட்டிலேயே செய்த பட்டைச் சோதனை நினைவிருக்கிறதா? ஹோஸ்டாவுக்கும் அதே தத்துவத்தில் ஒரு பட்டை இருக்கிறது. இலையில் ஒரு சிறு துண்டை ஒரு பைக்குள் இட்டு, அதிலிருக்கும் திரவத்தோடு சேர்த்து நசுக்குவார்கள். அந்தச் சாற்றில் பட்டையின் நுனியை நனைப்பார்கள். வைரஸின் மேலுறையைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்கள் பட்டையில் இருக்கின்றன. வைரஸ் இருந்தால் இரண்டு கோடுகள் தோன்றும். இல்லாவிட்டால் ஒரே கோடு. அந்த ஒரு கோடும் தோன்றவில்லை என்றால் பட்டை வேலை செய்யவில்லை. வேறு பட்டையில் திரும்பச் சோதிக்க வேண்டும்.

தொற்றிய புதிதில், சோதிக்கும் இலைக்கு வைரஸ் வந்து சேராமலும் இருக்கலாம். அதனால் ஒரு கோடு வந்தாலும், சந்தேகம் இருந்தால் சில காலம் கழித்து மறுபடி சோதிப்பது நல்லது.

தடுப்பது எப்படி?

நோய் உறுதியானால், எவ்வளவு பிரியமான செடியாக இருந்தாலும் எடுத்துவிடத்தான் வேண்டும். வேர்த் துண்டுகள் மிஞ்சாமல் தோண்டி, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. உயிருள்ள செல் இருக்கும்வரை வைரஸும் இருக்கும். ஆகவே மண்ணில் மிஞ்சிய வேர்கள் செத்து மக்கும்வரை அந்த இடத்தில் ஹோஸ்டாவை நடக் கூடாது. வேறு செடி வைக்கலாம். மனிதருக்கும் வீட்டு விலங்குகளுக்கும் இந்த வைரஸ் தொற்றாது.

புதிதாகச் செடி வாங்கும்போது ஒரு செடியை மட்டும் பார்க்காமல், அதே பெயரில் அடுக்கியிருக்கும் எல்லாச் செடிகளையும் பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்றிரண்டு மட்டும் வித்தியாசமாக இருந்தால் அந்த வரிசையையே விட்டுவிடலாம். வாங்கி வந்ததை நேராகத் தோட்டத்தில் நடாமல், தனித் தொட்டியில் ஒரு பருவமாவது வைத்துக் கவனிக்க வேண்டும்.

ஒரு செடியை வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியை வெட்டக் கூடாது. முதலில் மண்ணும் சாறும் போகச் சோப்பு நீரில் தேய்க்க வேண்டும். பிறகு, 1 பங்கு பிளீச்சும் 9 பங்கு தண்ணீரும் கலந்த கரைசலில் ஊறவைக்க வேண்டும். பிளீச்சைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும், நீங்கள் தொடாதீர்கள். உங்கள் வேலை கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது. அது சின்ன வேலை இல்லை. வைரஸின் காலை நிறுத்துவது அதுதான்.

தோட்டத்தில் வேலை செய்யும் வரிசையும் முக்கியம். நலமான செடிகளை முதலிலும், சந்தேகம் உள்ளவற்றைக் கடைசியிலும் தொட வேண்டும்.

நம் வயலில்

ஹோஸ்டா நம் ஊரில் இல்லாவிட்டாலும் தாவர வைரஸ்கள் இருக்கின்றன. வெண்டைச் செடியில் நரம்பெல்லாம் மஞ்சளாகி வலைப்பின்னல்போலத் தெரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். காயும் வெளுத்துச் சிறுத்துவிடும். அதைப் பரப்புவது வெள்ளை ஈ. அதனால் அங்கே பூச்சியைக் கட்டுப்படுத்துவதும், நோய் தாங்கும் ரகத்தை விதைப்பதும் முக்கியம்.

சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசிக்காக விளையும் மரவள்ளிக்கு வரும் தேமல் நோய் இரண்டு வழிகளில் பரவுகிறது. ஒன்று வெள்ளை ஈ. மற்றொன்று கரணை. நோய்ச் செடியின் தண்டை வெட்டிக் கரணையாக நட்டால், முளைக்கும்போதே நோயோடு முளைக்கும். அதனால்தான் நலமான செடியாகப் பார்த்துக் கரணை எடுக்கச் சொல்கிறார்கள். ஹோஸ்டாவைப் பிரித்து நடும் தோட்டக்காரருக்கும் மரவள்ளிக் கரணை நறுக்கும் விவசாயிக்கும் பாடம் ஒன்றே: தாய்ச்செடி நலமா என்று பார்த்த பிறகே வெட்ட வேண்டும்.

செய்து பாருங்கள்

வீட்டிலோ பள்ளியிலோ குரோட்டன்ஸ், மணிபிளான்ட், மருள் என்று நிறக்கோடு உள்ள செடி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இலையைப் பறிக்க வேண்டாம். ஐந்து இலைகளைப் பார்த்து நோட்டில் வரையுங்கள். நிறம் ஓரத்திலா, நடுவிலா, நரம்பின் மேலா? ஐந்திலும் ஒரே மாதிரியா? தடவினால் சமமாக இருக்கிறதா? குரோட்டன்ஸில் இலைக்கு இலை கோலம் மாறும். அது அதன் இயல்பு. மருளில் பட்டைகள் ஒழுங்காக வரும். அது அதன் இயல்பு. வாரம் ஒருமுறை அதே இலைகளைப் பார்த்து, மாற்றம் இருந்தால் தேதியோடு குறித்துவையுங்கள்.

தோட்டமோ வயலோ பக்கத்தில் இருந்தால், பெரியவர்கள் துணையோடு வெண்டைச் செடிகளையும் பாருங்கள். மஞ்சள் நரம்பு ஓடும் செடி தெரிந்தால் அதைத் தொடாமல் அவர்களுக்குக் காட்டுங்கள். நோயைச் சீக்கிரம் பார்த்துச் சொல்பவர் அந்த வயலில் மற்றச் செடிகளைக் காப்பாற்றுகிறார். அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. நல்ல இலை எப்படி இருக்கும் என்று தெரிந்த கண்ணும், கழுவிய கையும் போதும்.